அருணா கம்ப்யூட்டர்ஸில் சர்வர் இல்லை

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் அருணாவுக்கு ‘சர்வர் இல்லாத அக்கா’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து வருகிறவர்கள் பேசிக்கொள்வதை, ஓட்டிக்கொண்டு வரும் அவள் வீட்டுக்காரர் தனசேகரன் காதில் வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் சொல்லிச் சிரிப்பார். அவர்தான் சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது.

அவள் கலசப்பாக்கத்துப் பெண். திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். தனசேகரன் போளூர்க்காரர், மலையில் ஜீப் ஓட்டுகிறவர். கல்யாணமாகி மலைக்கு வந்தவள் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, உரக்கடையை ஒட்டினாற்போல் ஒரு அறை பிடித்து, ‘அருணா கம்ப்யூட்டர்ஸ்’ என்று போர்டு மாட்டினாள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம், பட்டா நகல் என்று மலைக்காரர்கள் கேட்பதையெல்லாம் அரசாங்க இணையதளங்களில் ஏற்றித் தருவதுதான் தொழில். படித்ததில் உருப்படியாக மிஞ்சியது கீபோர்டில் வேகம் ஒன்றுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த இணையதளங்கள் சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. திறக்காத நாளில் அவள் சொல்கிற வார்த்தைதான் ‘சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க’. நாளைக்கு வா என்று சொல்வது சுலபம். கோவிலூருக்கும் உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு அது ஒரு நாள் கூலி, ஜீப்புக்குக் கொடுக்கும் சத்தக் காசு, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். விண்ணப்பம் போட்ட பிறகும் இந்த அலைச்சல் விடாது. சான்றிதழ் வந்துவிட்டதா என்று கேட்கவே வருவார்கள். போனுக்குத் தகவல் வருமே என்றால், விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் நம்பர் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்கும். அவனோ அதற்குள் சிம்மை மாற்றியிருப்பான்.

செல்லியம்மாள் அப்படி வந்து வந்து திரும்பியவள். சாமை போடுகிற குடும்பம், கொஞ்சம் புளிய மரங்கள். மகள் அபிநயாவை நர்சிங் சேர்க்க வேண்டும் என்று சாதிச் சான்றிதழுக்கு எழுதிப் போட வந்தாள். முதல் தடவை வந்தபோது சர்வர் இல்லை. அடுத்த தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, மழையில் நனைந்த சேலையோடு பெஞ்சில் குந்திக்கொண்டு கேட்டாள்.

“ஏன் அருணா, அந்த சர்வர் எங்க கீது?”

“அது எங்கியோ இருக்கு செல்லிக்கா. சென்னையில இருக்கும்.”

“இருக்கும்னா? உனுக்கே தெரியாதா?”

அருணா பிரிண்டரில் பேப்பரை அடுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

“தெரிஞ்சா சொல்லு. நானே போய் இன்னா ஏதுன்னு கேட்டுட்டு வர்றேன். ஒவ்வொரு வாட்டியும் உன் மூஞ்ச பாத்துட்டு போறதுக்கு, அது மூஞ்சயாவது பாத்துட்டு வரலாம்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்லியம்மாள் சிரிக்கவில்லை. அன்று சாயந்திரம் ஒரு வழியாக இணையதளம் திறந்தது, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் கேள்வி அருணாவைக் குடைந்துகொண்டே இருந்தது. வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சாமான் எப்படி இருக்கும், எப்படி வேலை செய்யும் என்று அதைப் படித்த தனக்கே தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தாள். ‘வருவதற்கு முன் போன் செய்யுங்கள்’ என்று எழுதிக் கடையில் ஒட்டினாள். போன் ஓயாமல் அடித்தது. ஒரு விண்ணப்பத்தைத் தட்டி முடிப்பதற்குள் பத்துப் பேர் கூப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முறைத்தார். ஒரே வாரத்தில் சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பி அருண்ராஜைக் கூப்பிட்டு யோசனை கேட்டாள்.

“ஒரு வெப்சைட் போடுக்கா. அவங்களே பாத்துக்கட்டும்,” என்றான் அவன்.

இணையப் பக்கம் எழுத காலேஜில் படித்த எச்.டி.எம்.எல். கொஞ்சம் ஞாபகம் இருந்தது. ஒரு பக்கம் எழுதினாள். மேலே ‘இன்று சர்வர் உண்டு’ அல்லது ‘இல்லை’. கீழே சான்றிதழ் வந்த விண்ணப்பங்களின் கடைசி எண்கள். இலவசமாக இடம் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் ஏற்றி, விலாசத்தை ஜீப் டிரைவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாள். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு எண்ணையும் அவளே கோப்பைத் திறந்து, உரிய வரியைத் தேடி, கையால் எழுதி, மறுபடியும் ஏற்ற வேண்டும். வேலை நெருக்கடியில் ஏற்ற மறந்துபோன அன்று, முந்தின நாள் எழுதிய ‘சர்வர் உண்டு’ அப்படியே நின்றது. அதை நம்பி ஒரு ஜீப் நிறைய ஆள் வந்து இறங்கியது. அவர்கள் பேசிய பேச்சை அவள் இன்றைக்கும் யாரிடமும் சொல்வதில்லை.

“அது சுவத்துல எழுதி வெச்ச மாதிரி அக்கா. நீ அழிச்சு எழுதினாத்தான் மாறும்,” என்றான் அருண்ராஜ். “யார் கேக்குறாங்களோ அவங்களுக்கு ஏத்த மாதிரி பக்கம் அப்பப்ப தயாராகணும்னா, சர்வர் பக்கம் ஒரு புரோகிராம் ஓடணும். ஜாங்கோன்னு ஒரு ஃபிரேம்வொர்க் கீது, அடித்தளம் எல்லாம் அதுலயே தயாரா இருக்கும். அதக் கத்துக்கோ.”

இதைக் கேட்டதும் தனசேகரன், “ஜாங்கோவா, ஜாங்கிரியா?” என்றார்.

மத்தியான ஜீப்புகள் போன பிறகு கடை காலியாகும். அந்த நேரத்தில் வீடியோ பார்த்துக் கற்க ஆரம்பித்தாள். மலையில் நெட்வொர்க் வீடியோவுக்கு ஒத்துவராது. பேசுகிறவர் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார், சக்கரம் சுற்றும், மறுபடி பேசும்போது நடுவில் முக்கியமான வாக்கியம் போயிருக்கும். அவர் பேசுகிற இங்கிலீஷ் வேறு ஓட்டம் ஓட்டமாக இருந்தது. ஆனாலும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. கேட்கிறவர் போனிலிருந்து ஒரு விலாசம் வருகிறது. இந்த விலாசத்துக்கு இந்த வேலை என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். அந்த வேலையைச் செய்கிற பகுதி, தகவல் இருக்கிற பெட்டியில் தேடுகிறது. கிடைத்ததை, வெற்றிடம் விட்டு எழுதி வைத்திருக்கும் பக்கத்தில் நிரப்பித் திருப்பி அனுப்புகிறது. அட, இதைத்தானே நாள் முழுக்க இந்த மேஜையில் உட்கார்ந்து நான் செய்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு ஒரு நாள்தான் அந்தப் படிப்பில் சந்தோஷம். மற்ற நாளெல்லாம் பேஜார்.

பக்கங்களை வைக்கும் ஃபோல்டருக்கு ‘டெம்ப்ளேட்ஸ்’ என்று பெயர் வைக்க வேண்டும். அவள் ‘டெம்ப்ளேட்’ என்று வைத்துவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு எழுத்து. ‘அப்படி ஒரு பக்கமே இல்லை’ என்று மஞ்சள் பூசிய நீண்ட பக்கமாகத் திட்டு வந்தது. இருக்கிறதே, என் கண் முன்னாலேயே இருக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு சண்டை போட்டாள். வீட்டில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பு தீய்ந்தது. தனசேகரன் கடைக்குள் எட்டிப் பார்த்து, “யார்கிட்ட பேசிக்கினு கீற?” என்றார்.

“இந்தச் சனியன்கிட்டத்தான்.”

மறுநாள் உதவித்தொகை விண்ணப்பம் போட வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஒற்றை எழுத்து சட்டென்று மண்டையில் உறைத்தது. உடனே ஃபோல்டர் பெயரைத் திருத்தினாள். பக்கம் திறந்தது. எண்ணைக் கொடுத்தால், ‘உங்கள் சான்றிதழ் வந்துவிட்டது’ என்று தமிழில் பதில். இன்னொரு எண்ணுக்கு, ‘இன்னும் வரவில்லை’. தான் எழுதி வைக்காத ஒரு பக்கம், கேட்ட நொடியில் உருவாகி வந்து நின்றதை அவள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள்.

அந்த வேகத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தாள். மேலே தெரிந்த விலாசத்தை அப்படியே எடுத்து டிரைவர்கள் குழுவில் போட்டுவிட்டாள். ஒருவருக்கும் திறக்கவில்லை. அந்த விலாசம் அவளுடைய கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிற விலாசம். வேறு போனில் போட்டால் அந்தப் போன் தன்னையே தேடும். தம்பி விளக்கிச் சொல்வதற்குள், ‘அக்கா சொந்தமா ஒரு சர்வர் வெச்சாங்க, அதுவும் இல்ல’ என்று சின்னராசு என்ற டிரைவர் குழுவில் எழுத, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. தனசேகரனும் ஒன்று போட்டிருந்தார். அவள் அன்று அவரோடு பேசவில்லை.

எல்லார் போனிலும் திறக்கும்படி, இலவசமாகக் கிடைக்கும் வெளி சர்வர் ஒன்றில் ஏற்றுவது அதைவிடப் பெரிய கூத்து. கடையில் ஓடியது அங்கே ஓடவில்லை. எந்த விலாசத்தின் பேரில் வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கலாம் என்று நீ சொல்லவில்லை என்றது அந்த சர்வர். சொன்னாள். பக்கம் வந்தது, ஆனால் நிறம், அளவு, அலங்காரம் எல்லாம் உதிர்ந்து, வெறும் எழுத்தாக வந்தது. அருண்ராஜ் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, “மீட்டிங்ல கீறேன்கா, அப்பால பேசறேன்,” என்றான். ஒரு திட்டை நீக்கினால் இன்னொரு திட்டு. எல்லாம் சேர்ந்து அவள் பொறுமையைச் சோதித்து, ஒரு நாள் கீபோர்டைத் தூக்கி மேஜைமேல் போட்டதில் ஸ்பேஸ் பார் கழன்றுவிட்டது. அதன் பிறகு அந்தக் கட்டையை ஒரு ஓரமாக அழுத்தினால்தான் வேலை செய்யும்.

ஆனால் ஒரு நாள் எல்லாம் ஒழுங்காக நின்றது. கோவிலூர் வளைவில் ஜீப்பை நிறுத்தி, தனசேகரன் தன் போனில் ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“வருது, அருணா. வருதுடி!”

பிறகு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “இனிமே சும்மா விசாரிக்க எவனும் வண்டி ஏற மாட்டான் போல கீதே,” என்றார். சொன்னபடி சில வாரங்களில் சவாரி கொஞ்சம் குறையத்தான் செய்தது. அதற்காக அவர் முணுமுணுத்தாலும், வண்டியில் ஏறுகிறவர்களிடம் அந்த விலாசத்தைக் காட்டுவதை நிறுத்தவில்லை.

ஜனங்கள் பழகிவிட்டார்கள். அபிநயா தினமும் நெட்வொர்க் கிடைக்கிற பாறைக்கு ஏறிப்போய், தன் எண்ணைப் போட்டுப் பார்ப்பாள். ‘இன்னும் வரவில்லை.’ இறங்கி வந்து அம்மாவிடம் சொல்வாள். விஷயம் வந்ததும் அருணா பெட்டியில் ஏற்றிவிடுவாள் என்ற நம்பிக்கை இருவருக்கும் இருந்தது.

அருணாவும் ஏற்றத்தான் செய்தாள். அபிநயாவின் சான்றிதழ் வந்த அன்றே அவள் பெயருக்கு எதிரே ‘வந்தது’ என்று குறித்தாள். அன்று மாலையே, எழுத்து வெயிலில் தெரியவில்லை என்று தனசேகரன் சொன்னதால், நிறத்தை மட்டும் மாற்றி மறுபடியும் ஏற்றிவிட்டு, சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கலசப்பாக்கம் போய்விட்டாள். அந்த இலவச இடத்தில் புதிதாக எதை ஏற்றினாலும், அங்கே சேர்ந்திருக்கும் தகவல் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏற்றினதை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. விதிமுறையில் எழுதியிருந்தது. அவள் அதுவரை படிக்கவில்லை. புதிய குறிப்புகள் எல்லாம் போயின. இன்னொரு தப்பும் இருந்தது. பெட்டியில் இல்லாத எண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு இடத்தில் எழுத வேண்டியிருந்தபோது, சோம்பல்பட்டு அங்கேயும் ‘இன்னும் வரவில்லை’ என்றே எழுதியிருந்தாள். இல்லாதவர்களுக்கு வந்திருக்கவா போகிறது என்று நினைத்தாள்.

கல்யாணம், மறுவீடு எல்லாம் முடிந்து வந்து கடையைத் திறந்த காலையில், செல்லியம்மாளும் அபிநயாவும் வாசலில் நின்றிருந்தார்கள். சேர்க்கைக் கலந்தாய்வுக்கு வரச் சொன்ன நாள் முந்தின நாளோடு போய்விட்டிருந்தது. சான்றிதழ் இல்லாமல் போனால் உள்ளே விட மாட்டார்கள் என்று யாரோ சொன்னதால் அவர்கள் போகவே இல்லை.

அருணா அரசாங்க இணையதளத்தைத் திறந்தாள். அன்றைக்கென்று அது உடனே திறந்தது. சான்றிதழ் கையெழுத்தாகி, அவள் ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அச்சடித்து எடுத்துக் கொடுத்தபோது அபிநயா தேதியைப் பார்த்தாள். பிறகு போனை நீட்டினாள்.

“இதுல வரலைன்னுதானக்கா போட்டிருக்கு? நேத்துகூட பாத்தேன்.”

அருணாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

“அது… பெட்டியில இருந்த தகவல் அழிஞ்சு போச்சும்மா. நான் கலர் மாத்துனப்ப…” என்று ஆரம்பித்தவள், எதிரே நிற்கிற இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

செல்லியம்மாள் சத்தம் போடவில்லை. “அவுங்க சர்வர் எங்கியோ கீது, நமக்கு எட்டாது. சரி. உன்னுது இங்கியேதான கீது? அதுவுமா?” என்றாள். காசு எவ்வளவு என்று கேட்டாள். அருணா வேண்டாம் என்றாள். செல்லியம்மாள் காசை வைத்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த நாள் தனசேகரன் வேறு சவாரி எடுக்காமல், மூன்று பேரையும் திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போனார். முதல் சுற்று முடிந்துவிட்டது, மிச்சம் இருந்தால் கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கூப்பிட்டார்கள், ஆனால் நர்சிங் நிரம்பிவிட்டது. ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கான படிப்பில்தான் இடம் கிடைத்தது. அபிநயா சேர்ந்தாள். நல்ல படிப்புதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அருணா மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்டது அது இல்லையே.

திருவண்ணாமலையிலிருந்து திரும்பி வந்த அன்றே அருணா தளத்தை இழுத்து மூடினாள். “வுடு, உனுக்கு இன்னாத்துக்கு இந்தத் தலைவலி?” என்றார் தனசேகரன். இரண்டு வாரம் மூடியே கிடந்தது. ஆனால் ஜனங்கள் விடவில்லை. ஜீப்பிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும், “இன்னா அக்கா, அது வர மாட்டேங்குது?” என்று கேட்டுவிட்டு, வந்த ஜீப் சத்தம் வீண் என்று முனகிக்கொண்டே திரும்பினார்கள். மூடி வைத்தாலும் திட்டு, திறந்து வைத்தாலும் திட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

இந்த முறை விதிமுறையை வரி விடாமல் படித்தாள். தகவலை புரோகிராமோடு வைக்காமல், அதற்கென்று இருக்கிற தனி இடத்துக்கு மாற்றினாள். வாரம் ஒரு முறை ஒரு நகல் எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் அமைப்பை மாற்றப் போக, பழையதும் புதியதும் ஒத்துப்போகவில்லை என்று மறுபடி திட்டுகள் வரிசை கட்டி வந்தன. அழுகை வருகிறபோது எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தாள். எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது ஒரே ஒரு வாக்கியம். இப்போது அந்தத் தளம் மூன்று விதமாகப் பதில் சொல்லும். வந்துவிட்டது. இன்னும் வரவில்லை, கூடவே, அருணா கடைசியாகப் பார்த்த தேதி. அதிக நேரம் பிடித்த அந்த வாக்கியம்தான் மூன்றாவது: ‘இந்த எண்ணைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. போன் செய்யுங்கள்.’

“தெரியாதுன்னு நீயே எழுதிப்போட்டா எவன் உன் கடைக்கு வருவான்?” என்றார் தனசேகரன்.

“தெரியாதத தெரியாதுன்னுதாங்க சொல்லணும்.”

அவர் தன் போனை எடுத்து, இல்லாத ஒரு எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

தளம் இன்றைக்கும் ஓடுகிறது. கொஞ்ச நேரம் யாரும் பார்க்காவிட்டால் இலவச சர்வர் தூங்கிப்போகும். எழுந்து வர நேரமாகும். அதற்குள் பொறுமை இழந்து, செத்துப்போச்சு என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு. செல்லியம்மாள் அதைத் தொடுவதே இல்லை. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஜீப்பில் ஆள் சொல்லி அனுப்புகிறாள். அருணாவும் அரசாங்க இணையதளத்தைத் தானே திறந்து பார்த்துத்தான் பதில் சொல்லி அனுப்புகிறாள்.

போன வாரம் ஜீப் சங்கத்து வடிவேலு கடைக்கு வந்தார். எந்த வண்டி எப்போது எந்த ஊருக்குப் போகும் என்பதையும் அந்தத் தளத்தில் போட வேண்டுமாம்.

“ஒரு பக்கந்தானம்மா. உனுக்கு இன்னா, தட்டிவுட்டா வந்துடும்,” என்றார்.

அருணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒரு பக்கமா? சரிங்க. எந்த வண்டி எத்தன மணிக்குன்னு சொல்லுங்க. நேரத்துக்குக் கிளம்பலைன்னா எனக்கு யார் சொல்லுவாங்க? வண்டி நடுவழியில படுத்துட்டா யார் சொல்லுவாங்க? ஆள் சேரலைன்னு போகாம வுட்டா?”

வடிவேலு தலையைச் சொறிந்தார். “அது எங்களுக்கே தெரியாதேம்மா.”

“அப்ப எனக்கு மட்டும் எப்டிங்க தெரியும்? போய்க் கேட்டுக்கினு வாங்க. அப்பால பாக்கலாம்.”

போனவர் இன்னும் வரவில்லை.